உங்கள் அறுபத்திரண்டு மார்க்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில், முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரின் பின்புறத்தில் நான் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். பந்திக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்றவர் கட்டியிருந்தது புது வேட்டி. கஞ்சியின் மொடமொடப்புகூடப் போகவில்லை. பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் வேட்டியைப் பார்த்தேன். இடுப்புக்கு ஒரு சாண் கீழே, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒன்று விட்டுப் போயிருந்தது. அவ்வளவுதான், கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. நீலச் சாக்பீஸ் துண்டு ஒன்று அகப்பட்டது. வட்டமும் போட்டாயிற்று. எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் எனக்கே தகவல் வந்தது.

அவர் திரும்பினார். "ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"ஊடை ஒண்ணு விட்டிருக்குதுங்க" என்றேன். இருபத்தெட்டு வருசம் துணி செக்கிங் பார்த்தவனுக்கு அந்த நேரத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

அவர் மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவாம். என் மனைவி, நான் யாரென்றே தெரியாதவள் மாதிரி ஐஸ்கிரீம் கொடுக்கிற பக்கம் நகர்ந்துவிட்டாள். நம் நித்யாதான் ஓடி வந்து, அப்பாவுக்குப் பழக்கதோசம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக் கைக்குட்டையை எடுத்தாள். தட்டிவிடப் போனவளை நான் தடுத்தேன்.

"தட்டாத கண்ணு. தட்டுனா போகாது."

அவள் கை அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாக்பீஸ் தட்டினால் போகாது என்பது எனக்கும் என் மகளுக்கும் நன்றாகத் தெரியும், மச்சான். தெரியாமல் போனது உங்களுக்கு மட்டும்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்காதீர்கள். பத்தாவதை இரண்டாம் தடவையில் தாண்டியவனிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது.

நமக்குள் சொந்தம் எதுவும் கிடையாது. நீங்கள் மாப்ளை என்றீர்கள், நான் மச்சான் என்றேன், அதுதான் சொந்தம். சோமனூர்க் குடோனில், அடியில் டியூப் லைட் எரிகிற கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். தறிகளிலிருந்து வருகிற துணியை மேசைமேல் இழுத்து, எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே ஊடை விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய் பட்டிருக்கிறது என்று பார்த்து அடையாளம் வைப்பது நம் வேலை. எல்லாரும் அடையாளத்துக்கு நீலச் சாக்பீஸால் வட்டம் போடுவோம். உங்களுக்கு மட்டும் அந்தத் தூள் பட்டால் இளைப்பு வந்துவிடும். அதனால் நீங்கள் டேமேஜுக்கு நேராகத் துணியின் கரையில் ஒரு சிவப்பு நூலை முடிச்சுப் போடுவீர்கள்.

"இன்னைக்கு எத்தன தாலிங்க கட்டுனீங்க?" என்று நான் கேட்பேன்.

"நீங்க பூசற பூச்சுக்கு அது துணிங்களா, செவுருங்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள்.

இந்த வித்தியாசம் ஒரு நாள் நம் இருவருக்கும் நடுவில் வந்து நிற்கும் என்று யார் கண்டது.

நித்யா கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி, தறியிலேயே கேமரா மாட்டி, துணி ஓடும்போதே டேமேஜைக் கண்டுபிடிக்கிற மிஷின் செய்கிறது. மிஷின் தானாகக் கற்றுக்கொள்ளுமாம். ஆனால் முதலில் ஆயிரக்கணக்கில் படம் காட்டி, இது நல்ல துணி, இது டேமேஜ் என்று யாராவது சொல்லித்தர வேண்டுமாம். அந்த யாராவது நாம்தான். முதலாளியும் சம்மதித்தார். ஆளுக்கொரு போன், அதை நிறுத்த ஒரு கம்பி ஸ்டாண்டு. "நம்ம சோத்துல மண்ணப் போடறதுக்குன்னே பொண்ணப் படிக்க வெச்சிருக்கீங்க மாப்ளை" என்று சிரித்தபடி நீங்கள்தான் முதல் படத்தை எடுத்தீர்கள்.

நித்யா ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள். படம் எடுக்கிற இடத்தில் துணிமேல் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. உங்களுக்கு அதில் சங்கடமே இல்லை. உங்கள் சிவப்பு நூல் கரையில் கிடக்கும், படத்துக்குள் வராது. எனக்கோ, டேமேஜைக் கண் பார்ப்பதற்கும் கை வட்டம் போடுவதற்கும் நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. வட்டம் போட்ட பிறகுதான் மகள் சொன்னது ஞாபகம் வரும். உடனே துணியால் தட்டுவேன், துடைப்பேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஒரு பொட்டுத் தூள் தெரியாது. பிறகுதான் படம். அந்தச் சுத்தத்தில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

படம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. ரிசல்ட் வந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று.

காலையில் நித்யா பஸ் ஏறுமுன் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப் இருக்கும். மொத்தமாகப் பார்த்தால், நாம் சொன்னதோடு மிஷின் சொல்வது நூற்றுக்கு எண்பதுதான் ஒத்துப்போகிறது, அதற்குமேல் ஏற மாட்டேன் என்கிறது என்பாள். ஒன்றை மாற்றுவாள், மறுபடி ஓடவிடுவாள், மறுபடி எண்பது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிப் பார்த்தால் என்ன என்று நான் யோசனை சொன்னேன். அப்படிச் செய்தால் எதனால் ஏறியது எதனால் இறங்கியது என்று தெரியாதாம். கோடு கோடாக ஏதோ படம் காட்டினாள். "இதுல பாஸா பெயிலா, அத மட்டும் சொல்லு கண்ணு" என்றேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு காலையில் அவளுக்கு, யார் எடுத்த படம் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியிருக்கிறது. பிரித்ததும் அந்த எண்பது இரண்டாக உடைந்துவிட்டது. என் படங்களில் மிஷின் தொண்ணூற்றெட்டு. உங்கள் படங்களில் அறுபத்திரண்டு.

என் பக்கம் எத்தனை, உங்கள் பக்கம் எத்தனை என்று இந்த வயதில் கேட்கிற ஆசை எனக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை. பத்தாவதில் கணக்குக்கு முப்பத்தாறு வாங்கியவன் நான். தொண்ணூற்றெட்டை என் பெயருக்கு நேராகப் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நித்யா அப்போதே சொன்னாள். "இது என்னன்னு இன்னும் தெரியலீங்கப்பா. நம்பர் வேற, காரணம் வேற. காரணம் தெரியற வரைக்கும் யாருகிட்டயும் காட்டிப்போடாதீங்க."

சரி சரி என்றேன். அவள் கை கழுவப் போன நேரத்தில் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் குடோனில் யார் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். மடிப்புப் போடுகிற பெண்கள் பார்த்தார்கள், டெம்போ டிரைவர் பார்த்தார், முதலாளி பார்த்தார். கடைசியாக நீங்கள் பார்த்தீர்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தீர்கள். உங்கள் இடது கண்ணில் புரை எடுத்து அப்போது எட்டு மாதம்.

நானும் சும்மா இருக்கவில்லை. "மச்சானுக்கு வெச்ச லென்சு செகண்ட் குவாலிட்டி போலிருக்குதுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு, "மிஷினுக்கு எம்மேல என்ன கோவங்க மாப்ளை. இருக்கறதத்தான சொல்லும்" என்றீர்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உங்கள்மேல் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஒரு முழம் துணிக்காக முதலாளியோடு வாசலில் நின்று வாதாடியவர் நீங்கள். டேமேஜ் இல்லாததை நான் டேமேஜ் என்று சொன்னதற்கு, தறிக்காரர்களுக்காக என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர். உங்கள் கண்ணைப் பற்றி ஒரு போன் சொன்னதும் ஏன் வாயை மூடிக்கொண்டீர்கள்? 'என்ற படத்தையும் உங்க படத்தையும் பக்கத்துல வெச்சுக் காட்டுங்க பார்க்கலாம்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இரண்டு நாள் ஒவ்வொரு பீசையும் இரண்டு தடவை பார்த்தீர்கள். கண்ணால் பார்த்ததை விரலால் தடவிப் பார்த்தீர்கள். சிவப்பு நூலை முடிச்சுப் போடுவதும், அவிழ்ப்பதும், மறுபடி போடுவதும் எதிர்ப்பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் நீங்களாகவே முதலாளியிடம் போய், செக்கிங் வேண்டாம், மடிப்புப் பக்கம் போய்க்கொள்கிறேன் என்று கேட்டீர்கள். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. ஒரு மாதம் மடிப்பு. அப்புறம் முழங்கால் வலி என்று கருமத்தம்பட்டியில் வீட்டோடு இருந்துவிட்டீர்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு புது ஆள் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் என் பூச்சைக் கேலி பேச அவருக்குத் தெரியவில்லை.

நித்யாவுக்கு அந்த ரிசல்ட்டில் திருப்தியே இல்லை. கம்பெனியில் மற்றவர்கள் பொறுக்கவில்லை. கண் மங்கின ஆள் சொல்லித்தந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, தொண்ணூற்றெட்டு வந்த ஆளின் படங்களை மட்டும் வைத்து மிஷினைப் பழக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பத்துத் தறியில் கேமரா மாட்டினார்கள். இரண்டு நாள் துணி ஓடியது. மிஷின் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை, அத்தனையும் சுத்தம். அந்தத் துணி என் மேசைக்கு வந்தது. பத்தடி இழுப்பதற்குள் மூன்று இழை அறுந்து கிடந்தது. தறிக்காரர் நித்யாவைக் கேட்ட கேள்வியை நான் இங்கே எழுத முடியாது. இரண்டு வாரத்தில் காரணம் தெரியாவிட்டால் இந்த வேலையையே மூடிவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் என் மகள் வேலை செய்வதை நான் உண்மையாகப் பார்த்தேன். நம்பரை எல்லாம் தள்ளி வைத்துவிட்டாள். மிஷின் சரியாகச் சொன்ன படங்கள், பிசகின படங்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மிஷின் ஒரு படத்தில் எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்தது என்பதைச் சிவப்பாகக் காட்டுகிற ஒரு வழி இருக்கிறதாம். அதைப் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இழை அறுந்தது இங்கீங்க. மிஷின் பார்க்கறது அங்கீங்க. அங்க என்னதான் இருக்குது?"

என் படம். அறுந்த இழை நட்ட நடுவில் பளிச்சென்று தெரிகிறது. மிஷின் அதைச் சீண்டக்கூட இல்லை. அதைச் சுற்றிச் சிவப்பு ஒரு வளையமாக நின்றது. அடுத்த படம், அதே வளையம். அதற்கடுத்ததும் அதே. அந்த வளையத்தை எனக்குத் தெரியாதா, மச்சான்? இருபத்தெட்டு வருசமாக என் கை போடுகிற வட்டம். இடது பக்கம் கொஞ்சம் சப்பையாக இருக்கும்.

நான் தட்டினேன், துடைத்தேன், வெளிச்சத்தில் பார்த்தேன். என் கண்ணுக்குப் போய்விட்டது. கேமராவின் கண்ணுக்குப் போகவில்லை. நூலுக்குள் இறங்கின நீலம் கொஞ்சம் அங்கேயே இருந்திருக்கிறது. மிஷின் இழையையும் கற்கவில்லை, ஊடையையும் கற்கவில்லை. சாக்பீஸ் இருந்தால் டேமேஜ், இல்லாவிட்டால் நல்ல துணி என்று கற்றுக்கொண்டது. தறியில் ஓடுகிற துணியில் யார் போய்ச் சாக்பீஸ் போடுவார்கள்? அதனால்தான் அங்கே வாய் திறக்கவில்லை.

நான் சொன்னதும் நித்யா நம்பிவிடவில்லை. உறுதி செய்யணும் என்றாள். ஒரு குறையும் இல்லாத துணியை எடுத்து, அதில் என்னை வட்டம் போடச் சொன்னாள், தட்டச் சொன்னாள், துடைக்கச் சொன்னாள். படம் எடுத்து மிஷினுக்குக் காட்டினாள். டேமேஜ் என்றது. வட்டம் போடாத உண்மையான டேமேஜைக் காட்டினாள். நல்ல துணி என்றது. பள்ளிக்கூடத்தில் நான் பிட் அடித்து மாட்டியிருக்கிறேன். பிட் கொடுத்து மாட்டியது இதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் அவள், நம் இருவர் படங்களையும் காட்டிப் பழக்கின முதல் மிஷினை எடுத்து உங்கள் படங்களைத் திறந்தாள். சிவப்பு அங்கும் இங்கும் அலைந்தது. ஆனால் பல படங்களில் தட்டுத் தடுமாறி, அறுந்த இழைக்கே வந்து நின்றிருந்தது. சாக்பீஸ் இல்லாத இடத்தில் வேறு வழியில்லாமல் அது துணியைப் பார்த்திருக்கிறது. அந்த அறுபத்திரண்டு உங்கள் கண்ணுக்கு யாரும் போட்ட மார்க்கே இல்லை, மச்சான். துணியைப் பார்க்க மிஷினுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கான மார்க் அது. நான் வாங்கின தொண்ணூற்றெட்டு, என் சாக்பீஸைப் பார்க்க அதற்கு எவ்வளவு தெரியும் என்பதற்கானது. நீங்கள் டேமேஜ் என்று சொன்ன ஒவ்வொரு படத்தையும் நித்யாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். அத்தனையிலும் டேமேஜ் இருந்தது.

"மாமாகிட்ட நானே போய்ச் சொல்றனுங்கப்பா" என்றாள்.

வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். நான்தானே காட்டினேன், நான்தானே சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். என்னங்க, பொண்ணுப் பார்க்கவா என்று கேட்டீர்கள். அந்தச் சட்டைப் பையில் ஒரு துண்டு நீலச் சாக்பீஸ் இருந்தது. இதுதானுங்க குற்றவாளி என்று உங்கள் முன்னால் எடுத்து வைக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். சாக்பீஸை எங்கே வைப்பது, முதலில் எதைச் சொல்வது என்பதுவரை யோசித்து வந்தேன்.

உங்கள் மருமகன் பெருந்துறையிலிருந்து வந்திருந்தார். நாற்காலியைப் போடச் சொன்னீர்கள். காபி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அவரிடம் என்னைக் காட்டி, "இவுருதானுங்க, மாப்பிள்ளை, நான் சொன்ன ஆளு. மிஷினே இவுரு கண்ணுக்குத் தொண்ணூத்தெட்டு போட்டுச்சுங்க. நம்ம கூட்டாளி" என்றீர்கள்.

பொறாமை ஒரு பொட்டு இல்லை உங்கள் குரலில். அது இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். மருமகன் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். முழங்காலுக்கு என்ன தைலம் என்று விசாரித்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். புது ஆள் பீசை எப்படி இழுக்கிறார் என்று நடித்துக்கூடக் காட்டினேன். நீங்கள் இளைப்பு வருகிற அளவுக்குச் சிரித்தீர்கள். மருமகன் இல்லாத நேரத்தில் வந்து சொல்லிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று எழுந்துவிட்டேன்.

"வாங்க மாப்ளை" என்று வாசல்வரை வந்தீர்கள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, நான் தெருக்கோடி திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம்தானே போட்டோம் என்று சட்டையை அப்படியே ஹேங்கரில் மாட்டிவிட்டேன். சனிக்கிழமை காலையில் போன் வந்தது. உங்களுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே என்றார்கள். அறுபத்திரண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னைத் தேற்ற யாரும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. தேற்ற முடியாதது வேறொன்று. உங்கள் கண் கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டே நீங்கள் போனீர்கள்.

உங்கள் வீட்டு வாசலில், பந்தலுக்கு அடியில், நித்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு கேட்டாள். "மாமாகிட்டச் சொல்லிப்போட்டீங்கல்லங்கப்பா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்கிற மாதிரி.

நல்லவேளை என்று அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

இப்போது மிஷின் ஓடுகிறது, மச்சான். என் படங்களை நித்யா ஒன்றுவிடாமல் தூக்கிப் போட்டாள். புதுப் படங்களை நான்தான் எடுத்தேன், கரையில் சிவப்பு நூல் கட்டி. என் முடிச்சு உங்கள் முடிச்சு மாதிரி நிற்காது, மடிப்புக்குப் போவதற்குள் அவிழ்ந்துவிடும். உங்கள் படங்களை அவள் மிஷினுக்குச் சொல்லித்தரப் பயன்படுத்துவதே இல்லை. பரீட்சைக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். புதிதாக எதைச் செய்தாலும் அது முதலில் உங்களிடம் வந்து தேறியாக வேண்டும். இப்போது எண்பத்தொன்று வாங்குகிறது. இந்த எண்பத்தொன்று நிஜம் என்கிறாள். தறிக்காரரும் ஒப்புக்கொண்டார்.

கல்யாணத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி பொள்ளாச்சி தாண்டும்வரை என்னோடு பேசவில்லை. நித்யா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள். நூலுக்கு மாறி இத்தனை மாதம் ஆன பிறகும் பையில் சாக்பீஸ் எப்படி வந்தது என்று ஒரு தடவை கேட்டாள். பழைய துண்டு கண்ணு, எப்போதோ போட்டது என்றேன். அதே வெள்ளைச் சட்டைதான், மச்சான்; பைக்குள் கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டேன். வியாழக்கிழமை உங்கள் வீட்டில், மருமகன் உள்ளே தண்ணீர் குடிக்கப் போன அரை நிமிடத்தில்கூட அதை இப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது.

உங்க கண்ணு நல்லா இருக்குதுங்க மச்சான். கெட்டுக் கெடந்தது என்ற கைதானுங்க.